இட்லி ஆவியில் வெந்த தாய்மாமன்

எங்கள் தெருவில் ஒரு பார்க் இருக்கிறது. பார்க் என்றதும் செடி, கொடி, ஊஞ்சல் என்று நினைத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடாதீர்கள். நாலு பக்கமும் வீடுகள், நடுவில் வெறும் செம்மண் தரை, ஓரத்தில் யாரும் நடாமல் தானாக வளர்ந்த ஒரு வேப்பமரம், அவ்வளவுதான். மந்தாரக்குப்பத்தில் இந்த மனைகளைப் பிரித்து விற்ற காலத்தில், வரைபடத்தில் அந்தத் துண்டுக்குப் பச்சை அடித்துப் ‘பூங்கா’ என்று எழுதினார்கள். பச்சை வரைபடத்தோடு நின்றுவிட்டது. பெயர் மட்டும் தெருவுக்கு வந்து சேர்ந்தது.

தெருவில் சொந்த வீட்டுக்காரர்களைவிட வாடகைக்காரர்கள் அதிகம். நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை, சுரங்கத்துக்காரர்களின் டவுன்ஷிப்பில் கூட்டிப் பெருக்கும் வேலை, கொத்து வேலை என்று எங்கெங்கிருந்தோ வந்து ஒண்டியவர்கள். பர்மனென்ட்காரர்களுக்கு டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் உண்டு, வாசலில் மரம் உண்டு. எங்களுக்கு ஓர் அறை, அதிலேயே ஒரு மூலையில் அடுப்பு. கால் நீட்டினால் எதிர்ச் சுவர் தட்டும். இந்த அறையில் பெண் பார்க்க நாலு பேர் வந்தால் மாப்பிள்ளை வாசலில் நிற்க வேண்டியதுதான். அதனால் நிச்சயம், மஞ்சள் நீர், வளைகாப்பு, கல்யாணம் எல்லாமே பார்க்கில்தான். சாவும் அங்கேதான்.

என் வீட்டுக்காரர் செகண்ட் ஷிப்ட் முடித்து வந்து, சாப்பிட உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் இதயம் நின்றுபோச்சு என்றார்கள். காலையில் உடலை எடுத்துக்கொண்டு வந்தால், குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் கேட்டை மறித்துக்கொண்டு நிற்கிறார். கெட்ட மனிதர் இல்லை. அவர் கண்ணிலும் தண்ணீர் இருந்தது. ஆனாலும் சொன்னார்: “கோவிச்சிக்காதம்மா. குடிவச்ச வூட்டுல சாவு எடுத்தா, அப்புறம் எவனும் குடி வரமாட்டான்.”

வண்டிக்குள் அவர். வெளியே நான். எங்கே கொண்டுபோவது? சாமியானா கடை பாய்தான் வந்தார். எங்கள் தெருமுனையில் பந்தல் சாமான், நாற்காலி வாடகைக்கு விடுகிறவர். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடப்பாரையை எடுத்துவந்து பார்க்கில் நாலு குழி போட்டார், கம்பு நட்டார், துணியைக் கட்டினார், பெஞ்சைப் போட்டார். “இங்க கொண்டாங்க தங்கச்சி. இது எவன் வூடும் இல்ல” என்றார். என் வீட்டுக்காரரை மரியாதையாகக் கிடத்த இந்தப் பூமியில் எனக்குக் கிடைத்த ஒரே இடம் அதுதான். அன்றிலிருந்து அந்தத் தரையை நான் தாண்டிப் போகும்போது செருப்பைக் கழற்றாவிட்டாலும் மனசுக்குள் கழற்றிவிடுவேன்.

அதற்கப்புறம் பிழைப்புக்கு, பார்க்கின் ஓரமாக, பஸ் நிற்கும் இடத்தில் ஒரு தள்ளுவண்டிக் கடை போட்டேன். காலையில் ஃபர்ஸ்ட் ஷிப்ட்காரர்களுக்கு இட்லி. மதியம் செகண்ட் ஷிப்ட்காரர்களுக்குப் பொட்டலச் சாதம், மிஞ்சினால் மறுபடியும் இட்லி. சட்னியில் நான் தண்ணீர் ஊற்றமாட்டேன். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். இரண்டும் தெரிந்தவர்கள்தான் என் கடைக்கு வருவார்கள்.

கடைக்கு மேலே நாலு சவுக்குக் கம்பு நட்டு, பழைய தார்ப்பாய் ஒன்று போட்டிருந்தேன். ஒரு வருஷம் ஆடிக் காற்றில் அது கிழிந்து தொங்கியது. அதே காற்றில் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே கட்டியிருந்த பெரிய ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்றும் அறுந்து என் கடை வாசலிலேயே வந்து விழுந்தது. தேடிப்போன மூலிகை காலில் சுற்றிய மாதிரி. யாரோ பணக்காரர் வீட்டுக் காதுகுத்து பேனர், படத்தில் இருந்தவர்களை அப்போது எனக்குத் தெரியாது. விசேஷம் முடிந்து நன்றி சொல்லிக் கட்டியது. அடுத்த நாளும் யாரும் கேட்டு வரவில்லை. நல்ல தடிமன். எடுத்துக் கூரையாகப் போட்டுவிட்டேன்.

போடும்போது படம் உள்பக்கம் இருக்கும்படி கவிழ்த்துப் போட்டேன். அதற்கும் காரணம் உண்டு. படம் மேலே இருந்தால் காக்கா சும்மா இருக்குமா? எச்சம் போடும். நாளைக்கு எவனாவது வந்து, எங்கள் அண்ணன் முகத்தில் எச்சமா என்று கம்பைப் பிடுங்குவான். அந்த வம்பே வேண்டாம் என்று முகங்களைக் கீழே திருப்பினேன். சில மாதத்தில் புகையும் ஆவியும் ஏறி, எல்லாம் ஒரே கறுப்பு. மேலே ஒரு படம் இருக்கிறது என்பதையே மறந்துபோனேன்.

அந்த மார்கழியில் ஒரு நாள் காலையில் பார்க்கைச் சுற்றிக் கல்லுக்கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். நட்டு முடித்து முள்கம்பி இழுத்து, ‘தனியாருக்குச் சொந்தமான இடம், அத்துமீறி நுழையக் கூடாது’ என்று ஒரு போர்டும் மாட்டினார்கள். யாரப்பா என்று கேட்டால் பிளாட் போடுகிற பெரிய புள்ளி ஒருவரின் ஆட்கள். அந்தக் காலத்தில் மனை விற்றவரின் வாரிசிடமிருந்து கிரையம் வாங்கிவிட்டாராம். பார்க்கை வாரிசு எப்படி விற்க முடியும் என்று கேட்டால், “அதெல்லாம் ஆபீஸ்ல பேசிக்கோங்க” என்றார்கள். புள்ளியை நாங்கள் யாரும் பார்த்ததே இல்லை. அவர் காருக்குக் கறுப்புக் கண்ணாடி.

எல்லாரையும்விட அதிகமாக ஆடிப்போனவள் என் பக்கத்து வீட்டு அக்கா. டவுன்ஷிப்பில் கான்ட்ராக்டில் கூட்டுகிற வேலை. புருஷன் இருந்தும் இல்லாத மாதிரி, குடி. ஒற்றை ஆளாக நின்று மகளுக்கு வைகாசியில் கல்யாணம் குறித்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டாருக்குப் பார்க்கைக் காட்டி, இங்கேதான் பந்தல் என்று வெற்றிலை பாக்கும் மாற்றியாகிவிட்டது. மண்டபம் பிடிக்க அவளால் ஆகாது. முள்கம்பிக்கு வெளியே நின்று அவள் அந்தத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடலூருக்குப் போய் மனு நாளில் வரிசையில் நின்று மனு கொடுத்தோம். விசாரிக்கிறோம் என்றார்கள். மறுபடியும் போனோம். விசாரணை நடந்துகொண்டிருக்கிறது என்றார்கள். கல்லும் கம்பியும் நிற்கிற இடத்தில் நின்றன. இதற்குள் தேர்தல் வந்துவிட்டது. பேரூராட்சிக்கு வார்டு மெம்பர் தேர்தல்.

எங்கள் வார்டில் ஜெயிக்கப் போவதாக எல்லாரும் சொன்ன வேட்பாளர் நாற்பது வயசுக்காரர். கட்சி எதுவென்று சொல்லப் போவதில்லை. எந்தக் கட்சியாக இருந்தாலும் கதை இப்படித்தான் போயிருக்கும். போகிற இடமெல்லாம் தன்னை ஏழை வீட்டுப் பிள்ளை என்பார். வாடகை வீட்டில் வளர்ந்தவன், எந்தப் பணக்காரனிடமும் கை நீட்டாதவன் என்று மைக்கில் முழங்குவார். ஆனால் அவர் பிரசாரத்துக்கு வந்த ஜீப்பின் கதவில் கட்சி ஸ்டிக்கர் ஓரம் உரிந்து, அடியில் பிளாட் விளம்பரத்தின் தென்னை மரம் எட்டிப் பார்த்தது. தேர்தல் ஆபீஸ் இருந்தது பிளாட்காரர் கட்டடத்தின் மாடியில். தினமும் மதியம் அங்கே பிரியாணி. ஊருக்கே தெரியும். கேட்டால் மட்டும், ஜீப்பும் வாடகை, மாடியும் வாடகை, அந்த மனிதரை நான் பார்த்தது கூடக் கிடையாது என்பார். வாடகை ரசீதை நாங்கள் போய்க் கேட்கவா முடியும்? பூனைக்கு யார் மணி கட்டுவது என்று இருந்தோம்.

பூனைக்கு மணி என் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. மாசிப் பனியில் கூரையில் நீர் கோத்து, கரி கலந்து, இட்லித் தட்டில் சொட்ட ஆரம்பித்தது. கறுப்புப் பொட்டு வைத்த இட்லியை எவன் தின்பான்? மதிய வியாபாரம் முடிந்ததும் ஸ்டூல் போட்டு ஏறி, சோப்புத் தண்ணீரும் துணியுமாகக் கூரையைத் துடைத்தேன். முதலில் ஒரு குழந்தையின் மொட்டைத் தலை வந்தது. அப்புறம் குழந்தை உட்கார்ந்திருந்த பட்டு வேட்டி மடி. அப்புறம் மாலை போட்ட மார்பு. அப்புறம் முகம். ஊர் முழுக்கச் சுவரில் கும்பிட்டுக்கொண்டு நிற்கிற அதே முகம். நான் ஸ்டூலிலிருந்து விழாமல் இருந்தது கடவுள் செயல்.

பக்கத்தில் கைகூப்பியபடி இன்னொரு மனிதர். கீழே அவர் பிளாட் கம்பெனியின் பெயரும் அதே தென்னை மரமும். ஓரத்தில் கொட்டை எழுத்தில், தாய்மாமன் சீர் செய்து மடியில் அமர்த்திக் காதணி விழா கண்ட எங்கள் அண்ணனுக்கு நன்றி என்று, வேட்பாளரின் கையாட்கள் பத்துப் பேரின் போட்டோவோடு போட்டிருந்தது. ஆறேழு மாதமாக இந்த இரண்டு பேரும் மாமன் மச்சானாக என் இட்லி ஆவியில் வெந்துகொண்டிருந்திருக்கிறார்கள். எனக்குத்தான் தெரியவில்லை.

காதுகுத்தில் தாய்மாமன் மடி என்றால் என்னவென்று நம் பக்கத்தில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். கூடப்பிறந்தவன் இல்லாத பெண்ணுக்கு வேறு ஒருவர் அண்ணன் முறையில் நிற்பதுண்டு. பிளாட்காரர் மனைவிக்கு இவர் அப்படி நின்றிருக்கிறார். நின்றால் நின்றதுதான். சீர்த் தட்டோடு மேளம் வைத்து வந்து, அவள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டுவிட்டால் அப்புறம் சாகும்வரை உறவு. அவள் வீட்டு நல்லது கெட்டதில் முதல் ஆள் அவன். இப்படிப்பட்ட சீரைச் செய்துவிட்டு ஊருக்குச் சொல்லாமல் இருக்க நம் ஆட்களால் முடியாது. ரகசியமாக வாங்குவார்கள், ரகசியமாகக் கொடுப்பார்கள். பேனர் மட்டும் கட்டாமல் இருக்கமாட்டார்கள்.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் தலையைப் பின்னால் சாய்த்து ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, போய் ஊரெல்லாம் சொல்லட்டுமா என்றாள். நான் வேண்டாம் என்றேன். சொன்னால் அன்றைக்கே பேனரைப் பிய்த்துக்கொண்டு போவார்கள், கூடவே கடையும் போகும். ஏற்கெனவே ஒரு கையாள் வந்து, ரோட்டோரக் கடைக்கெல்லாம் தேர்தல் முடிந்ததும் கணக்குப் பார்ப்போம் என்று சிரித்துக்கொண்டே மிரட்டிவிட்டுப் போயிருந்தான். பயமாக இருந்தது. எனக்குச் சோறு போடுவது அந்த வண்டி ஒன்றுதான். ஆனாலும் பயத்தைவிடக் கோபம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

வேட்பாளர் எங்கள் தெருவுக்கு வருகிற நாளுக்கு ஆரத்தி எடுக்கப் பெண்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா போய்ப் பெயர் கொடுத்தாள். நான் தாலியறுத்தவள், தட்டைத் தொடக்கூடாதாம், ராசியில்லையாம். நல்லதாகப் போயிற்று, எனக்குக் கடையில் வேலை இருந்தது. அக்கா அந்தக் கையாளிடம் பக்குவமாகச் சொன்னாள்: தெருவுக்குள்ளே வந்தால் நாலு பேர்தான் இருப்போம், செகண்ட் ஷிப்ட் பஸ் வருகிற நேரத்துக்கு இட்லிக் கடைக்கு வந்தால் நூறு ஓட்டு ஒரே இடத்தில் நிற்கும். கணக்குத் தெரிந்தவன், உடனே ஒப்புக்கொண்டான்.

அன்றைக்கு நான் கூரையை மறுபடி ஒருமுறை துடைத்து வைத்தேன். அண்டாவில் தண்ணீர் கொதித்தது. செகண்ட் ஷிப்ட்காரர்கள் சாப்பாட்டுப் பையும் தலையில் தொப்பியுமாக வெயிலுக்கு ஒதுங்கி என் கடையைச் சுற்றி நின்றார்கள். ஜீப் வந்தது. வேட்பாளர் இறங்கிக் கும்பிட்டுக்கொண்டே வந்தார். நல்ல வெயில், அவரும் நிழலைத் தேடி நேரே என் கூரைக்குக் கீழே வந்து நின்றார். அழைக்கவே வேண்டியிருக்கவில்லை.

அக்கா தட்டோடு எதிரே நின்றாள். சிவப்பு ஆரத்தித் தண்ணீர், நடுவில் வெற்றிலை மேல் சூடம் எரிந்துகொண்டிருந்தது. ஆனால் அவள் தட்டைச் சுற்றவில்லை. எங்கள் பார்க்கை வளைத்துவிட்டார்களே, அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டாள். வேட்பாளர் பாடமாகச் சொன்னார். ஜெயித்ததும் முதல் வேலையாகக் கவனிப்பாராம். வளைத்தவர் உங்களுக்கு வேண்டியவர் என்கிறார்களே என்றாள் அக்கா.

“அந்த ஆளு யாருன்னே எனக்குத் தெரியாதும்மா. மூஞ்சியக்கூடப் பாத்தது கெடையாது” என்றார்.

“சூடம் எரியுது பாருங்க. அடிச்சு சொல்லிடுங்க. சுத்திடறேன்.”

சூடம் அடித்துச் சத்தியம் செய்வது சாதாரண விஷயமில்லை. பொய்ச் சத்தியம் செய்தால் குலம் விளங்காது என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வேட்பாளர் அந்த ரகம் இல்லை. சுற்றி நிற்கிற செல்போன்களை ஒருமுறை பார்த்தார், சட்டைக் கையை மடக்கினார், உள்ளங்கையை உயர்த்தினார். அவர் அடித்திருப்பார். சத்தியமாக அடித்திருப்பார். நான் இட்லிப் பானையின் மூடியைத் திறந்தபடியே சொன்னேன்:

“தம்பி, அடிக்கறதுக்கு முன்னாடி ஒருவாட்டி மேல பாருங்க.”

பார்த்தார். அவரோடு சேர்ந்து எல்லாரும் பார்த்தார்கள். ஆவி விலகியது. மேலே அவரே, நிஜத்தைவிடப் பெரிய அளவில், பட்டு வேட்டியும் மாலையுமாக, மொட்டையடித்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் கைகூப்பி நிற்கிற பிளாட்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே நிற்கிற முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. கூட்டத்தில் ஒருவர் எழுத்துக் கூட்டுகிற மாதிரி சத்தமாக வாசித்தார். ‘தாய்மாமன்’ என்ற இடத்துக்கு வந்ததும் ஒருவர் சிரித்தார், அப்புறம் இன்னொருவர், அப்புறம் பஸ் ஸ்டாப்பே சிரித்தது. சூடத்தில் கை சுட்டோ என்னவோ, அவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

ஏதோ விசேஷம் என்று கூப்பிட்டார்கள், போனேன், எத்தனையோ விசேஷத்துக்குப் போகிறேன் என்று ஆரம்பித்தார். அக்கா விடவில்லை.

“விசேஷத்துக்குப் போறவங்க பந்தியில உக்காருவாங்க. புள்ளைய மடியில வச்சுக்கினு உக்காந்தா அதுக்குப் பேரு வேற.”

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதை நேரில் அன்றுதான் பார்த்தேன். ஆமாம் என்றால் அவர் பிளாட்காரரின் மச்சான், இத்தனை நாள் மைக்கில் பேசியதெல்லாம் பொய். இல்லை என்றால், அண்ணா என்று கூப்பிட்டு மடியில் பிள்ளையைக் கொடுத்த பெண்ணை ஊர் நடுவே நின்று இல்லையென்கிறார். அவரோடு ஜீப்பில் வந்த சொந்தக்காரர்களே அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மடியை இல்லையென்று சொல்லிவிட்டு அவரால் ஒரு வீட்டுக் கல்யாணத்துக்குக்கூடத் தலைநிமிர்ந்து போக முடியாது.

நான்தான் வழி விட்டேன். உறவு என்றே வைத்துக்கொள்வோம், தப்பில்லை, மச்சானிடம் உரிமையாகச் சொல்லிக் கல்லைப் பிடுங்க வையுங்கள் என்றேன். உறவு இல்லையென்றால் இன்னும் சுலபம், யாரோ ஒருத்தன் நட்ட கல்தானே, நீங்களே பிடுங்குங்கள். எப்படியானாலும் கல் பிடுங்கித்தான் ஆக வேண்டும்.

அவர் நூறு ஓட்டையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். ஓட்டு இவரைப் பார்த்து இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. சட்டென்று குரலை உயர்த்தி, மக்களுக்காக இப்போதே பிடுங்குகிறேன் என்றார். சொல்லி வாய் மூடவில்லை, சாமியானா கடை பாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கடப்பாரையை அவர் கையில் கொடுத்தார். என் வீட்டுக்காரருக்குப் பந்தல் குழி போட்ட அதே கடப்பாரை. பாய் மீசைக்குக் கீழே லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

முதல் கல்லை வேட்பாளர் பிடுங்கினார். பாவம், பழக்கமில்லாத கை, செல்போன்காரர்கள் வேறு இப்படித் திரும்புங்கள் அப்படித் திரும்புங்கள் என்று படுத்தினார்கள். மீதிக் கல்லை செகண்ட் ஷிப்ட்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். மண் வெட்டியே காலம் தள்ளுகிறவர்களுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? பஸ் வந்து நின்றது. டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை. இறங்கி வந்து கம்பியைச் சுருட்ட ஒரு கை கொடுத்தார். பஸ் கிளம்பும்போது பார்க் திறந்து கிடந்தது. அக்கா கையிலிருந்த தட்டை நடுத் தரையில் கொண்டுபோய், மண்ணுக்கே மூன்று சுற்றுச் சுற்றி, அங்கேயே கொட்டினாள். நான் அழுதேன். சந்தோஷத்தில்தான். அன்றைக்கு இட்லியெல்லாம் இலவசம் என்று வேறு அறிவித்துவிட்டேன், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் பிறகு யோசித்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் போனஸ். வீடியோ ஊர் முழுக்கப் போனது. பிளாட்காரர் தரப்பு, யாரோ ஒருத்தன் நட்ட கல் என்று பிடுங்கிவிட்டாயா என்று கொதித்ததாகக் கேள்வி. மறுநாளே ஜீப் காணோம், மாடியில் பிரியாணி வாசனையும் காணோம். வேட்பாளர் நடந்தே ஓட்டுக் கேட்டார். மறுபடி கல் நட யாருக்கும் தைரியம் வரவில்லை. இவ்வளவு பேர் பார்த்த பிறகு அதிகாரிகளின் விசாரணைக்கும் கால் முளைத்தது. தனியார் இடம் என்ற போர்டு போய், பொது உபயோகத்துக்கான இடம் என்று பேரூராட்சி போர்டு வந்தது.

தேர்தலில் அவர் தோற்றார். எங்கள் தெரு ஓட்டு ஒன்றுகூட விழுந்திருக்காது என்று நினைக்கிறேன். ஜெயித்த அம்மாளும் மகாத்மா ஒன்றும் இல்லை. அவர் ஜீப் கதவையும் நாங்கள் அவ்வப்போது பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

வைகாசியில், அக்கா மகள் கல்யாணத்தன்று காலையில், தோற்றவர் தனியாக என் கடைக்கு வந்தார். கும்பிடு இல்லை, கூட வருகிற ஆட்கள் இல்லை. இட்லி கேட்டார். வைத்தேன். மேலே நிமிர்ந்து பார்க்காமலே சாப்பிட்டார். பேனர் எப்போதோ போய், நான் நல்ல தகரமே போட்டிருந்தேன். பாதி சாப்பிட்டதும் கேட்டார்:

“கல்லைப் புடுங்கினது நான்தானேக்கா. அப்புறம் ஏன் ஓட்டுப் போடல?”

“நடும்போது வந்து நின்னிருந்தா போட்டிருப்போம் தம்பி. புடுங்கினதுக்குத்தான் கெட்டிச் சட்னி ஊத்தியிருக்கேன்.”

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு, ஒரு செடிகூட இல்லாத அந்த இடத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டார். நான் சொன்னேன். என் வீட்டுக்காரரைக் கொண்டுவந்த காலை, கேட்டை மறித்த கை, பாய் போட்ட பந்தல், எல்லாவற்றையும் அடுத்த தட்டு ஊற்றிக்கொண்டே சொன்னேன். அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

“எங்கப்பாவையும் ரோட்லதான்கா கெடத்தினோம்” என்றார். “வூட்டுக்காரன் உள்ள வுடல.”

மைக்கில் அவர் சொன்ன ஏழை வீட்டுப் பிள்ளைக் கதையில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இரக்கம் வர வேண்டிய இடம். எனக்கு வந்தது கோபம். ஜீப்பையும் பிரியாணியையும் கொடுத்து இவரிடமிருந்து எதை வாங்கியிருக்கிறார்கள் என்பது புரிந்துவிட்டது.

“அப்படின்னா என்னைவிட உங்களுக்குத்தான தம்பி மொதல்ல கோவம் வந்திருக்கணும்” என்றேன்.

அவர் கையைக் கழுவிக்கொண்டு பார்க்கைப் பார்த்தபடி நின்றார், பிறகு போய்விட்டார். அங்கே மேளம் ஆரம்பித்துவிட்டது. நான் அடுப்பை அணைத்து, கடையைச் சாத்திவிட்டு, புதுப் புடவை கட்டிக்கொண்டு போனேன். ஓரமாக உட்காரப் போனவளை அக்கா கையைப் பிடித்து இழுத்துவந்து, மேடைக்குப் பக்கத்தில் முதல் வரிசையில் உட்கார வைத்தாள். மணமேடை போட்டிருந்த இடம் என் வீட்டுக்காரரைக் கிடத்தியிருந்த அதே இடம். சாவு எடுத்த இடத்தில் கல்யாணமா என்று எங்கள் தெருவில் யாரும் கேட்பதில்லை, எங்களுக்கு இருப்பது ஒரே இடம். கெட்டிமேளம் கொட்டியபோது எல்லாரோடும் சேர்ந்து நானும் எழுந்து நின்று அட்சதை போட்டேன், மணமக்கள் மேல் ஒரு பிடி, அந்தத் தரை மேல் ஒரு பிடி.